இயற்கை வரைந்ததற்கு இவர் யார் கையெழுத்துப் போட?

கேள்வி: அலையின் நெளிவும் இலையின் நரம்பும் இயற்கை வரைந்தவை. அவற்றைக் கேமராவில் பிடித்துச் சட்டம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கலை என்கிறார்கள். பட்டனை அழுத்தியதைத் தவிர இவர்கள் செய்தது என்ன?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பட்டனை அழுத்துவது மிகச் சிறிய வேலை, ஐயா. மற்ற வேலைகளைச் சொல்கிறேன்.

வில்சன் பென்ட்லி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி. 1885 ஜனவரியில், தமது 19ஆம் வயதில், கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். விழும் பனியைக் கறுப்புப் பலகையில் ஏந்துவார். தேறிய ஒன்றை மெல்லிய குச்சியால் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றி, இறகால் தட்டையாகப் படிய வைப்பார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும். 1931இல் இறக்கும்வரை இப்படி 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார்.

அதோடு முடியவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் படிகம் எடுபடாது. ஆகவே நெகட்டிவின் பிரதி ஒன்றை எடுத்து, படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி நீக்கினார். நெகட்டிவில் பூச்சு போன இடம் படத்தில் கறுப்பாக விழும். நாம் வியக்கும் அந்தக் கறுப்புப் பின்னணி அவர் கைவேலை. வானத்திலிருந்து விழும் பனித்துகள்களில் பெரும்பாலானவை உடைந்தோ கோணலாகவோ இருக்கும். படிகத்தின் ஆறு கிளைகளும் ஒத்திருப்பவற்றைத் தேடிப் பொறுக்கியவர் பென்ட்லி. பனித்துகள் என்றதும் உலகமே இன்று நினைக்கும் வடிவம் அவருடைய கண் தேர்ந்தெடுத்தது. கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லையா?

உங்கள் சந்தேகம் பழையது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸின் உருவப்படங்களைப் பார்த்த ஒருவர், எதிரில் இருப்பவரை வசியம் செய்துதான் அவர் இப்படி எடுக்கிறார் என்று எழுதினார். அதற்குப் பதிலாகவே ஸ்டீக்ளிட்ஸ் 1922இல் கேமராவை மேகங்களின் பக்கம் திருப்பினார். மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாது. அது எல்லோர் தலைக்கு மேலும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதையே எடுத்தார்.

அசைவைப் படமாக்குவது இன்னும் கடினம். ஒரே அலையை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் துளி துளியாக அந்தரத்தில் நிற்கும். அரை நொடி கொடுத்தால் நுரை கோடுகளாக இழுபடும். முப்பது நொடி கொடுத்தால் அலையே காணாமல் போய்க் கடல் பனிமூட்டம் ஆகிவிடும். கரையில் நிற்கும் நம் கண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரிவதில்லை. எந்த நேர அளவு என்று கடலா முடிவு செய்கிறது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அருவி என்றாலே பஞ்சுப்பொதியாக எடுத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரெல்லாம் எடுக்கும் படத்தைத் தானும் எடுப்பவரிடம் உங்கள் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காக மொத்தக் கலையையும் தள்ளிவிடுவதை ஏற்கமாட்டேன்.

உங்கள் மாவட்டத்திலேயே மணவாளக்குறிச்சிக் கடற்கரை இருக்கிறது. இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்களில் முன்னதின் கறுப்பும் பின்னதின் சிவப்பும் கலந்த மணல். திரும்பும் அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு கனமான துகள்களை விட்டுச் செல்வதால், கரையில் புதிது புதிதாகக் கோடுகள் விழும். வெயில் சாய்ந்த நேரத்தில் போங்கள். கைப்பேசி போதும். எந்தக் கோடு, எவ்வளவு நெருக்கத்தில், சட்டத்தின் ஓரம் எங்கே என்பதையெல்லாம் அடுத்த அலை வருவதற்குள் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எடுத்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். படத்தோடு வெளியிடுகிறேன், உங்கள் பெயர் போட்டே.