கேளுங்கள், கதைப்போம்: பொழுதும் போகவேண்டும், பெயரும் வெளியே போகக்கூடாது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான். படம் பார்க்க, பாடிப் பார்க்க, விளையாட எல்லோருக்கும் ஆசை. ஆனால் எதைத் தொட்டாலும் பெயர், போன் நம்பர், பிறந்த திகதி என்று கேட்கிறார்களே, கொடுக்கலாமா? ஆசிரியர் அந்தக் கடிதக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார். நான் வெள்ளவத்தையில் வீடியோ கசற் வாடகைக்கு விட்டவன் என்பதுதான் காரணமாம். எந்த வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்பது ஒரு காலத்தில் என் கொப்பியில் இருந்தது உண்மைதான்.

கேள்வி: கனடாவில் இருந்து வந்த மகன் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி வைத்துவிட்டுப் போனான். "நீங்கள் டிவி பார்க்க, டிவி உங்களைப் பார்க்கும் ஆன்ரி" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பயமுறுத்துகிறது. உண்மையா? பழைய டிவியையே திரும்ப எடுத்து வைக்கட்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

ரீச்சர், பிள்ளை சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காக டிவியை மாற்ற வேண்டாம்.

பல ஸ்மார்ட் டிவிகளில் ஏ.சி.ஆர். என்று ஒன்று இருக்கிறது. திரையில் ஓடுவதில் இருந்து சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து, கம்பனி வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன படம், இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்துவிடும். இணையத்தில் பார்ப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். டிவிடி போட்டாலும், அன்ரனாவில் செய்தி பார்த்தாலும் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் விசியோ என்ற கம்பனி இப்படி 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இருந்து, பார்ப்பவர்களிடம் ஒழுங்காகக் கேட்காமலே தகவல் சேர்த்து விற்றது என்று வழக்கு வந்தது. 2017இல் 22 லட்சம் டொலர் கட்டித்தான் அதை முடித்துக்கொண்டார்கள்.

ரிமோட்டை எடுத்து செற்றிங்ஸுக்குப் போங்கள். சாம்சங் என்றால் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜி என்றால் 'லைவ் பிளஸ்' என்று இருக்கும். மொடலுக்கு மொடல் இடம் மாறும், ஆனால் பெரும்பாலும் பிரைவசி அல்லது ஜெனரல் என்ற பகுதிக்குள்தான் ஒளிந்திருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். படம் அதே வடிவாகத்தான் தெரியும், ஒரு குறையும் வராது. நீங்கள் அன்ரனா சனலும் டிவிடியும் மட்டும் பார்ப்பவர் என்றால் இன்னும் சுலபம்: வைஃபையைக் கழற்றிவிடுங்கள். வெளியே போக வழி இல்லாவிட்டால் அது யாருக்கு என்ன சொல்லும்? யூடியூப் வேண்டும் என்றால், மகனின் கணக்கில் நுழையாமல் 'கெஸ்ட்' ஆகவும் பார்க்கலாம்.

"நான் பார்ப்பது பழைய பக்திப் படம், அதை யார் அறிந்தால் என்ன?" என்று அடுத்து எழுதுவீர்கள் என்று தெரியும். கடையில் என் கொப்பியை எப்போதும் மூடித்தான் வைப்பேன். திறந்து கிடந்தால், மேசைக்கு மற்றப் பக்கம் நிற்பவர் தலைகீழாக வாசித்துவிடுவார். மேடைகளில் சங்க இலக்கியம் பேசும் ஒரு பெரியவர் கிழமைதோறும் சண்டைப் படமாகவே எடுத்துப் போவார். அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் அது அவருடைய சங்கதி, எனக்கு அடுத்து நிற்பவருடையது அல்ல. 1987இல் அமெரிக்காவில் ரொபர்ட் போர்க் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப் பார்த்தபோது, அவர் வீட்டார் எடுத்த 146 கசற்றுகளின் பட்டியல் வீடியோ கடையில் இருந்து ஒரு பத்திரிகைக்காரர் கைக்குப் போய் அச்சிலேயே வந்துவிட்டது. அதில் கூச்சப்பட ஒன்றுமே இருக்கவில்லை. ஆனாலும் எம்.பி.மாருக்குத் தங்கள் தங்கள் வீட்டுப் பட்டியல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடுத்த வருடமே, 1988இல், வீடியோ வாடகை விபரத்தை வெளியில் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

கடையை மூடியபோது என் கொப்பிகளை நானே கிழித்துப் போட்டேன். கூகிளின் கொப்பியை நீங்கள்தான் கிழிக்க வேண்டும். கணக்குக்குள் போனால் யூடியூப் வரலாற்றில் 3, 18 அல்லது 36 மாதத்துக்கு மேல் பழசானதைத் தானாகவே அழிக்கும்படி வைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தியும் வைக்கலாம். மூன்று மாதம் போதும் ரீச்சர்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா கட்டும் நெட்ஃபிளிக்ஸைத்தான் நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். நான் கொரிய நாடகம் பார்த்தால் மாமி அங்கிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை இரவு இரண்டு மணி வரைக்கும் முழித்திருக்கிறாள்" என்கிறார். என்ன செய்வது அங்கிள்?
— பல்கலைக்கழக மாணவி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, உலகத்துக் கம்பனிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மாமிக்கு ஈடாகாது.

உங்கள் பெயரில் தனி புரொஃபைல் போட்டு, நான்கு இலக்கப் பின் நம்பரால் பூட்டலாம். பார்த்தவற்றை வரலாற்றில் இருந்து ஒவ்வொன்றாக மறைக்கவும் வழி உண்டு. ஆனால் கணக்கின் பாஸ்வேர்ட் யாரிடமோ அவர் அந்தப் பூட்டை மாற்றலாம். ஆக, பாஸ்வேர்ட் மாமாவிடம் இருக்கும்வரை மாமியிடமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியின் வீட்டில் சனிக்கிழமை பார்ப்பது, அல்லது கைச்செலவுக் காசில் சொந்தமாக ஒன்று எடுப்பதுதான் முழுத் தீர்வு.

இன்னொன்று. பிரவுசரில் வரலாற்றைப் பதியாத இன்கொக்னிட்டோவில் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது என்று உங்கள் வயதுப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது உங்கள் போனிலும் கணினியிலும்தான் தடயம் வைக்காது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சிம் கம்பனிக்கோ, வைஃபை வைத்திருப்பவருக்கோ தெரியக்கூடும். தம்பியோடு ஒரே போனைப் பாவிப்பவர்களுக்கு உதவும், அவ்வளவுதான். அப்புறம், இரண்டு மணி விசயத்தில் நான் மாமியின் பக்கம்.

கேள்வி: கடைத் தொகுதியில் கார் பரிசாம், கூப்பன் நிரப்பச் சொன்னார்கள். அடையாள அட்டை இலக்கமும் எழுத வேண்டும். வெறும் நம்பர்தானே என்று எழுதினேன். வீட்டில் மனைவி ஏசுகிறா. யார் சரி?
— வாசகர், தெஹிவளை

மனைவிதான் சரி. அது வெறும் நம்பர் இல்லை ஐயா.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். உதாரணத்துக்கு, 85626 என்று ஒரு நம்பர் தொடங்கினால், 626இல் 500 போக 126. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. எண்ணிப் பாருங்கள்: மே மாதம் 5ஆம் திகதி, 1985இல் பிறந்த பெண். 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கத்திலும் முழுசாகவே இருப்பதால் அந்தக் கொஞ்ச யோசனையும் தேவையில்லை. பிறந்த நேரமும் இடமும் தவிர சாத்திரியாருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் போனில் யாரென்று உறுதிப்படுத்த, இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்கும் இடங்கள் எத்தனை என்று யோசியுங்கள். கூப்பனில் இவற்றோடு பெயரும் விலாசமும் போன் நம்பரும் ஒரே வரிசையில் கிடக்கின்றன. பெட்டியோ கண்ணாடிப் பெட்டி.

பரிசு விழுந்தால் உங்களைக் கூப்பிட ஒரு போன் நம்பர் போதும். ஆள் நீங்கள்தானா என்று பார்ப்பது காரின் சாவியைத் தரும் அன்றைக்கு. இதைத்தான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்: "நம்பர் இப்போது எதற்கு? விழுந்தால் அட்டையோடு வருகிறேனே." 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சொன்ன காரியத்துக்குத் தேவையான அளவுதான் வாங்க வேண்டும், எதற்கு என்றும் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. கூப்பன் மேசையில் நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தைத் தெரியாமல் இருக்கலாம், கோபிக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பெட்டிக்குள் போடுங்கள். அப்படி வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் கார் அவர்களோடேயே இருக்கட்டும்.

கேள்வி: கரோக்கே செயலி ஒன்று இறக்கினேன். நன்றாகப் பாடுவேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தொடங்கும்போதே மைக், கமரா, கொன்ராக்ட்ஸ் (போனில் பதிந்து வைத்த நம்பர்கள்), இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் வேலை செய்யாதோ?
— இல்லத்தரசி, கிராண்ட்பாஸ்

பாடுவதற்கு என்ன வேண்டும்? மைக். அதைக் கொடுங்கள். அண்ட்ரொய்ட் 11 முதல் 'இந்தத் தடவை மட்டும்' என்றும் கொடுக்கலாம். பாடி முடித்து மூடியதும் அனுமதியும் போய்விடும். முகம் தெரியப் பாட விருப்பமில்லை என்றால் கமரா வேண்டாம். நீங்கள் கிராண்ட்பாஸில் நின்று பாடுகிறீர்களா கிருலப்பனையில் நின்று பாடுகிறீர்களா என்பது ராகத்துக்குத் தேவையில்லை.

கொன்ராக்ட்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் நம்பர் அல்ல. உங்கள் டொக்டர், கோயில் ஐயர், தைக்கும் அக்கா எல்லோருடைய நம்பரும். அவர்கள் யாரும் பாட வரவில்லையே. 2018இல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசாரக் கம்பனியின் விவகாரமும் இப்படித்தான். பேஸ்புக்கில் ஒரு கேள்வி விளையாட்டைச் சேர்த்துக்கொண்டவர்கள் சில லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் பட்டியல் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரைக்கும் விபரம் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. 'நீங்கள் எந்த நடிகையின் சாயல்?' என்று வட்ஸ்அப்பில் சுற்றுவதை அனுப்பும் அக்காமாரும் இதை வாசித்தால் நல்லது.

எல்லாவற்றையும் மறுத்த பிறகு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அழித்துவிட்டு வேறு ஒன்று பாருங்கள். பெயருக்குப் பட்டப்பெயர் ஒன்று வையுங்கள், குரல் போதும்.

கேள்வி: நாட்டில் பேஸ்புக்கை மறித்த காலத்தில், அதைச் சுற்றிப் போகப் போட்ட இலவச விபிஎன் செயலி இன்னும் போனில் கிடக்கிறது. இருக்கட்டுமா?
— வத்தளை வாசகர்

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். எந்தத் தடவை போட்டீர்களோ தெரியாது, எப்படியும் கழற்றுங்கள். விபிஎன் போட்டால் சிம் கம்பனிக்குத் தெரிவது குறையும். அந்த இடத்தில் விபிஎன் நடத்துபவர் வந்து உட்காருவார். காசும் வாங்காமல், யாரென்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவரை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

கேள்வி: பதின்மூன்று வயது மகன் போனில் துப்பாக்கி விளையாட்டு. முன்பின் தெரியாத ஆட்களோடு கதைத்தபடி விளையாடுகிறான். நிறுத்தினால் சாப்பிடுகிறான் இல்லை.
— தந்தை, மட்டக்குளி

பசித்தால் சாப்பிடுவான். விளையாட்டை நிறுத்த வேண்டாம், குரலை நிறுத்துங்கள்: வொய்ஸ் சாட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். அவன் வைத்திருக்கும் பெயரைப் போய்ப் பாருங்கள். பெயரோடு பள்ளிக்கூடத்தின் சுருக்கமும் பிறந்த வருடமும் சேர்ந்திருக்கும், இந்த வயதுப் பையன்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வங்கி அட்டையை அதில் பதிந்து வைக்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் இருந்து இரண்டு ஆட்டம் நீங்களும் விளையாடுங்கள், யார் என்ன கதைக்கிறார்கள் என்று காதால் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: இவ்வளவு கரைச்சல் எதற்கு? பெயர் கேட்காத பொழுதுபோக்கு கொழும்பில் ஒன்றும் மிச்சம் இல்லையா?
— இப்படிக்கு, களைத்துப்போனவன், பம்பலப்பிட்டி

ஏன் இல்லை? எஃப்எம் ரேடியோ. போனில் உள்ள செயலியைச் சொல்லவில்லை, கம்பியை இழுத்துவிட்டுக் கேட்கும் உண்மையான ரேடியோ. அலை உங்களிடம் வரும். உங்களிடம் இருந்து ஒன்றும் திரும்பிப் போகாது. யார் கேட்கிறார் என்று நிலையத்துக்கே தெரியாது. தெரிய வேண்டும் என்றால் நீங்களாகப் போன் எடுத்து "வெள்ளவத்தை மாமாவுக்கும் மாமிக்கும் குழந்தைகளுக்கும்" என்று பாட்டுக் கேட்டால்தான் உண்டு.

1942இல் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பின்னேரக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பேச்சு நீண்டால் எழுந்து வரலாம். கோட்டையில் இருந்து கல்கிசை வரைக்கும் கரையோர ரயிலில் ஒரு டிக்கெட் எடுத்து, கடல் பக்கக் கதவோரம் இடம் பிடியுங்கள். படம் என்றால் கவுண்டரில் காசைக் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள், செயலியில் வாங்கினால்தான் உங்கள் நம்பரும் படத்தின் பெயரும் ஒன்றாகப் பதிவாகும்.

காலிமுகத்திடலுக்குப் போனால் வீட்டார் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் படத்தை அங்கிருந்தே ஸ்ரேற்றஸில் போட வேண்டாம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்வது அது. திரும்பி வந்து கால் கழுவிவிட்டுப் போடுங்கள். பட்டம் விடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இறால் வடை சாப்பிட அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். சில்லறையோடு போங்கள், ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் வடைக்காரர் முறைப்பார்.