டீச்சரிடம் கேளுங்க: தாயக்கட்டையில ஒரு சண்டை

31 வருஷம் ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் எடுத்து ஓய்வானவ நான். வீட்ல பிள்ளைங்களோட என்ன பண்ணலாம்னு கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். பத்தாம் வகுப்பு, நீட் பக்கம் வராதீங்க.

பையன் யுகேஜி முடிச்சிருக்கான். நோட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடறான்.

நோட்டை எடுக்காதீங்க. மளிகைச் சீட்டை அவனை எழுத வைங்க. "தகாளி"ன்னு எழுதினாலும் திருத்த வேண்டாம். கடைக்காரர் முன்னாடி அவனே படிக்கட்டும். தான் எழுதினதை ஒருத்தர் படிச்சு, அதுக்குப் பொருளும் எடுத்துக் குடுத்தார்னா அந்த ருசி விடாது. ஒண்ணு மட்டும்: போற வழியில "இது என்ன எழுத்து சொல்லு"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. விளையாட்டைப் பரீட்சை ஆக்கினா அவன் மறுபடி கட்டிலுக்கு அடியில போயிடுவான்.

ரெண்டாவது படிக்கிற மகள் பள்ளியைப் பல்லின்னும் மழையை மலைன்னும் எழுதுறா. பத்துத் தடவை எழுத வெச்சாச்சு.

பத்துத் தடவை எழுதினா கை வலிக்கும், அவ்வளவுதான். கோளாறு கையில இல்லம்மா, காதுலயும் நாக்குலயும் இருக்கு. வீட்ல எல்லாரும் "வாளப்பளம்"னு சொன்னா அவ ழகரத்தை எங்க கேட்டிருப்பா? அது உங்க ஊர்ப் பேச்சு, தப்புன்னு சொல்லலை. எழுத்துக்கு மட்டும் தனியாப் பழக்கணும்.

ஒரு முகம் பாக்குற கண்ணாடி எடுத்துக்குங்க. ல சொன்னா நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி ஒட்டும். ள சொன்னா மடங்கி மேலண்ணத்துல ஒட்டும். ழ சொல்றப்ப மடங்கும், ஆனா எங்கயும் ஒட்டாது. இதைக் கண்ணாடியில பாத்தா பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் கொஞ்சம் புளியும் ஒரு புலி படமும் தரையில வைங்க. நீங்க சொல்லணும், அவ டக்குனு எடுக்கணும். அடுத்து அவ சொல்லட்டும், நீங்க எடுங்க. நடுநடுவுல வேணும்னே தப்பா எடுங்க. உங்களைத் திருத்துற சந்தோஷத்துலயே பாதி வேலை முடிஞ்சிடும். ஒரு வாரம் கழிச்சு எழுத வெச்சுப் பாருங்க.

நல்ல ஆப் ஏதாவது?

எனக்குத் தெரிஞ்சது மளிகைச் சீட்டு.

லீவுக்கு வந்த பசங்க மாமியாரோட நாள் பூரா தாயம் ஆடுறாங்க. இதுல படிப்பு ஏதாவது இருக்கா, இல்ல வெட்டிப் பொழுதா?

ரெண்டு கட்டை. ஒவ்வொண்ணுலயும் வெறும் பக்கம் ஒண்ணு, மத்த மூணு பக்கத்துல 1, 2, 3 புள்ளி. ரெண்டும் வெறும் பக்கம் விழுந்தா 12, ஒண்ணு வெறும் பக்கம், இன்னொண்ணு ஒத்தைப் புள்ளின்னா தாயம். பையன் உருட்டி, கண்ணால கூட்டி, "பாட்டி காயை வெட்ட இன்னும் 4 வேணும்"னு மனசுக்குள்ள கழிக்கிறான். இதையே கழித்தல் கணக்குன்னு தாள்ல குடுங்க, அழுவான். பெரியவனுக்கு இன்னும் ருசியா ஒண்ணு இருக்கு: தாயம் ஏன் இவ்வளவு லேட்டா விழுது, 3 ஏன் சும்மா சும்மா விழுது? ஒரு கட்டைக்கு 4 பக்கம், ரெண்டுக்கும் சேத்து 16 விதம். அதுல 3 விழ 4 விதம், தாயத்துக்கு 2, பன்னெண்டுக்கு ஒண்ணே ஒண்ணு. இதை நீங்க சொல்லிடாதீங்க, அவனே எழுதிக் கண்டுபிடிக்கட்டும்.

டீச்சர், நான் இன்ஜினியர். 16 இல்ல, 10 விதம்தான். வெறும்-ஒண்ணு, ஒண்ணு-வெறும் ரெண்டும் ஒரே விதம். அப்படிப் பாத்தா தாயமும் பன்னெண்டும் ஒரே அளவுலதான் விழணும்.

தம்பி, பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்குன்னா ஒண்ணா ஆயிடுமா? ஒரு கட்டையில சிவப்பு நூல் கட்டுங்க. சிவப்புல வெறும், மத்ததுல ஒண்ணு. அப்புறம் சிவப்புல ஒண்ணு, மத்ததுல வெறும். இது ரெண்டு தனித்தனி சம்பவம். நூலை அவுத்துட்டா விழுற விதம் மாறிடுமா என்ன?

நூல் கட்டினாதானே வித்தியாசம் தெரியுது? கட்டாதப்போ அதை எதுக்கு ரெண்டா எண்ணணும்?

உங்களுக்குத் தெரியலைன்னா கட்டைக்கும் தெரியாதா? சரி, வாய்ச்சண்டை வேண்டாம். 160 தடவை உருட்டிட்டு வாங்க. என் கணக்குப்படி தாயம் 20 கிட்ட, பன்னெண்டு 10 கிட்ட. உங்க கணக்குப்படி ரெண்டும் 16 கிட்ட. வீட்ல பிள்ளை இருந்தா அவளை எழுத வைங்க, நீங்க எழுதாதீங்க.

எந்த ஆப் வாங்கலாம்? காசு கட்டினாலும் பரவாயில்ல.

மேல பாருங்க.

மூணாவது படிக்கிற பையனுக்கு எழுத்து இன்னும் திரும்பித் திரும்பி வருது. ஒரு வரி படிக்கிறதுக்குள்ள தலைவலிங்கிறான். என்ன விளையாட்டு குடுக்கலாம்?

விளையாட்டு அப்புறம். முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. கண்ணுல ஒண்ணும் இல்லைன்னா குழந்தை மருத்துவர்கிட்ட சொல்லுங்க. அரசுப் பள்ளின்னா வகுப்பாசிரியர்கிட்ட கேளுங்க, வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க. சோம்பேறின்னு மட்டும் சொல்லிடாதீங்க.

பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிச்சா சாக்லேட் தரேன்னு சொல்லியிருக்கேன். சரிதானே?

சாக்லேட் தீர்ற அன்னிக்கு வாய்ப்பாடும் தீரும். வாசல்ல கோலம் போடறப்ப கூட்டி உக்கார வைங்க. 7 புள்ளி, 4 வரைக்கும் இடுக்குப் புள்ளி. மொத்தம் எத்தனைன்னு பந்தயம் கட்டுங்க. ஒவ்வொண்ணா எண்ணாம சொல்றவங்க ஜெயிச்சாங்க. 37தான், ஆனா எப்படிச் சொன்னாங்கங்கிறதுதான் விஷயம். மேல 4, 5, 6, கீழயும் அதே, நடுவுல 7. இதைப் பிடிச்ச பிள்ளைக்கு ரெண்டால பெருக்கறதை யாரும் தனியாச் சொல்லித் தர வேண்டாம். வாய்ப்பாடு மனப்பாடமும் வேணும்தான், அதுக்கு நான் எதிரி இல்ல.

டீச்சர் ஆப்...

இன்னொரு தடவை கேட்டா பேரைச் சொல்லி வகுப்புக்கு வெளிய நிக்க வெச்சிடுவேன்.

இன்ஜினியர் மறுபடி. மகள் உருட்டினா, அவளே கோடு போட்டுக் குறிச்சா. 160-ல தாயம் 23, பன்னெண்டு 8. நீங்க சொன்னதுதான் சரி. ஆனா அவ இப்ப வேற கேக்குறா: பாட்டியோட கட்டை ஒண்ணு ஒரு ஓரம் தேஞ்சிருக்கே, அது ஒரே பக்கமா விழுமான்னு. நான் என்ன சொல்ல?

ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த ஒத்தைக் கட்டையை மட்டும் 80 தடவை உருட்டச் சொல்லுங்க. தேயாத கட்டைன்னா பக்கத்துக்கு 20 கிட்ட வரணும். எவ்வளவு வந்துதுன்னு அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்க, காத்திருக்கேன்.