ஆய்வுப் பள்ளிக்குப் போய் வகுப்புகளைப் பார்ப்பதால் ஆசிரியருக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் உங்களுக்கென்று ஏற்பாடு செய்து காட்டும் வகுப்பில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பாடநூல் கேரள அரசுடையது, மொழி மட்டும் தமிழ். பயிற்சிக்குப் போனால் பெரும்பாலும் மலையாளம்தான். ஆய்வுப் பள்ளியை எங்கள் பக்கம் ‘லேப் ஸ்கூல்’ என்பார்கள்; டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தை ஒட்டிய பள்ளி அது. மைசூர் மண்டலக் கல்வி நிறுவன வளாகத்திலும் இப்படி ஒரு மாதிரிப் பள்ளி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பாட்டி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி. வேதியியலுக்கு ஓர் ஆய்வகம் இருப்பதுபோல் கல்வித் துறைக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆய்வகம் என்றால் தவறும் நடக்க வேண்டும் அல்லவா? நாங்கள் பார்க்கப் போன ஆய்வுப் பள்ளியில் அதற்குத்தான் இடமே வைக்கவில்லை.

பதினொரு பேர் வேனில் போனோம். நான்காம் வகுப்பில் நீர் பற்றிய பாடம். சுவரில் புது சார்ட். ஸ்கெட்ச் பேனா வாசம்கூடப் போகவில்லை. டீச்சர் கேள்வியைப் பாதி கேட்கும்போதே முன்வரிசைப் பையன் எழுந்து முழுப் பதிலையும் ஒப்பித்தான். ஒத்திகை பார்த்த வகுப்பு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நம் பள்ளிக்கு அதிகாரி வந்தால் நாமும் இதைத்தானே செய்கிறோம். எங்கள் ஆட்கள் சார்ட்டை மட்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே அதன் நகல்கள் கொழிஞ்சாம்பாறைச் சுவர்களுக்கு வந்துவிட்டன.

நான் பார்த்த உண்மையான வகுப்பு தேநீருக்குப் பிறகு, தற்செயலாக. கழிப்பறையைத் தேடிப் போய் வழி தவறி ஒரு மூன்றாம் வகுப்பின் வாசலில் நின்றேன். அந்த டீச்சர் கடைசி பெஞ்சைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன்.

கரும்பலகையில் 52 - 27. ஒரு பெண் வந்து 35 என்று எழுதினாள். கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் எவருக்கும் அந்த 35 பழக்கமான முகம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவார்கள். நானாக இருந்தால் அழித்துவிட்டு, “பக்கத்து வீட்டில் கடன் கேள்” என்று ஆரம்பித்திருப்பேன். அவர் அழிக்கவில்லை. “எங்ஙனெ கிட்டி?” என்று கேட்டார், எப்படி வந்தது என்று. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் நானே சொல்லிவிடலாமா என்றிருந்தது. அந்தப் பெண் பாவாடை ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். டீச்சர் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஐஸ் குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் மேசையில் வைத்து, இருபத்தேழை எடுத்துக் கொடு என்றார். இரண்டு கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். தனிக் குச்சி இரண்டையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். கட்டுகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவள் ஐந்து குச்சிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தபோதுதான் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

எனக்கு மலையாளம் நன்றாகவே புரியும், ஆனாலும் வேகமாகப் பேசினால் நாலில் ஒன்று தவறிவிடும். அன்று அது நல்லதாகப் போயிற்று. பேச்சு பிடிபடாததால் கைகளையும் முகங்களையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் காத்திருப்பை அளந்தே பார்த்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவில்தான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதிலே வராமல் போவது குறைகிறது. மூன்று விநாடிதானே என்று தோன்றும். உங்கள் வகுப்பில் ஒருமுறை பேசாமல் இருந்து பாருங்கள்.

ஆகவே, போகிறீர்கள் என்றால் காலை நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டீச்சரை விட்டுவிட்டு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து முழு வகுப்பும் பாருங்கள். கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சுவரைவிட நோட்டு அதிகம் பேசும். கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

திரும்பி வந்த திங்கட்கிழமை நானும் கேள்வி கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு. “டீச்சர், உடம்பு சரியில்லையா?” என்றான் ஒருவன். அன்று காத்திருந்ததில் கிடைத்த பதில் அது ஒன்றுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு சிறுமி கடைசி வரிசையில் இருந்தாள். அவள் எழுந்து நிற்க மூன்றாவது வாரம் ஆயிற்று. சொன்ன பதில் தப்பு. எப்படி வந்தது என்று கேட்டேன். விரல்களை மடக்கிக் காட்டத் தொடங்கினாள்.