தேக்குக் கட்டிலும் திருகோணமலைக் கப்பலும்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு மாறியபோது, என் தந்தையார் விட்டுச்சென்ற தேக்குக் கட்டிலைப் பிரிக்க நேர்ந்தது. அந்தப் பலகைகளைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' போர்க்கப்பலின் மாதிரியைச் செய்ய விரும்புகிறேன். தேக்கு பொருந்துமா?
— ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர், ஈசூன்

பதில்: 1765இல் கடலில் இறக்கப்பட்ட விக்டரி பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனது, கட்டப்பட்ட காலத்தில் தேக்கு அதற்கு அந்நியம். தங்கள் கட்டிலுக்கு உறவு கொண்டாடத் தக்க கப்பல் வேறொன்று உண்டு. அதன் பெயர் 'டிரிங்கோமாலி', அதாவது நம் திருகோணமலை.

நெப்போலியனோடு நடந்த நெடும்போரில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் அருகிப்போகவே, பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்கள் சிலவற்றைப் பம்பாயில் கட்டுவித்தது. டிரிங்கோமாலிக்கான வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பல் 1812இல் அமெரிக்கக் கப்பலொன்றிடம் தோற்று அழிந்ததால், மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா என்னும் பார்சி கப்பற்கலைஞரின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு, 1817 அக்டோபரில் அது கடலில் இறங்கியது. ராஃபிள்ஸ் இங்கே சிங்கப்பூரில் கரையிறங்கிய அதே 1819இல் இங்கிலாந்தை அடைந்தது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ அவற்றைக் காக்கும். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருப்பதில் அந்த எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால், தேக்குக் கப்பலின் மாதிரியைத் தேக்கிலேயே செய்யலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி. 96இல் ஒரு பங்காகக் குறைத்தால் 48 சென்டிமீட்டர்தான். அந்த அளவில் தேக்கின் தடித்த ரேகைகள், உண்மைக் கப்பலின் பலகையில் உள்ளங்கை அகலக் கோடுகள் ஓடுவதுபோல் தோன்றும். கப்பலைக் காத்த அதே எண்ணெய் பசையை ஒட்டவிடாது. மரத்திலுள்ள சிலிக்கா கத்தி முனையையும் விரைவில் மழுக்கிவிடும். ரேகை நுண்ணிய பேரி மரமே மாதிரிக் கப்பலின் உடலுக்கு ஏற்றது.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு அஞ்ச வேண்டியது பலகையைவிடக் கயிறுகளுக்காகத்தான். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாக இருப்பதால், இன்று விறைப்பாகக் கட்டியது நாளை தொய்ந்து கிடக்கும். பாலியெஸ்டர் நூலை வாங்கிக்கொள்ளுங்கள். வளைப்பதற்காக நனைத்த பலகைகளை ஓரிரு நாள் குளிரூட்டிய அறையில் உலர்த்திய பின்னரே ஒட்டுங்கள். இந்தப் பொறுமை, கப்பல் பட்டறையில் பணியாற்றிய தங்களுக்குப் புதிதன்று.

அப்படியானால் கட்டில்? கப்பலைத் தாங்கும் பீடத்தை அதிலிருந்து அறுத்துச் செய்யுங்கள்; மெருகுப்பூச்சு வேண்டாம், பழைய ஆணித் துளைகளையும் அடைக்க வேண்டாம்.