பையனை ஃபாதர்ஸ் போர்டிங்ல சேர்க்கலாமா? சாயங்காலம் விளையாட்டு நேரத்துல போய் பாருங்க

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். அண்ணன் சவூதில, நீங்க நாகர்கோவில் பக்கம் தனியா, பையன் அடுத்த வருஷம் ஆறாவது, கையில இருந்து போனை பிடுங்க முடியல, பங்குச் சாமியார் சலேசிய ஃபாதர்ஸ் நடத்துற போர்டிங்ல போடுங்கனு சொல்றாரு. ஜெபம் தபம்னு திணிச்சு திணிச்சே பிள்ளைக்கு கோயில்னாலே வெறுத்துப் போயிடுமோனு உங்களுக்கு பயம், அங்க யாரும் சேர்த்துக்காம ஒரு ஓரமா ஒதுங்கிடுவானோனு இன்னொரு பயம். ரெண்டும் நியாயம்தான்.

முதல்ல ஒண்ணு கேட்டு தெளிவாக்கிக்கோங்க, அது சாதாரண போர்டிங்கா இல்ல சாமியாராக விருப்பப்படுற பசங்களுக்கான இளங்குருமடமானு. நிறைய வீட்ல ரெண்டையும் குழப்பிக்கிறாங்க, அப்புறம் பத்தாவதுல வந்து அய்யோ எம்பிள்ளைய சாமியாராக்கப் பாக்குறாங்கனு அழுறாங்க. நீங்க சொல்றத வெச்சு பாத்தா இது வெறும் போர்டிங்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரிசல்ட் போர்டையும் சேப்பல் போட்டோவையும் பாத்து முடிவு பண்ணாதீங்க. சாயங்காலம் கேம்ஸ் விடுற நேரத்துக்கு போய் கிரவுண்ட் ஓரமா நில்லுங்க. பசங்க நடுவுல எத்தனை பிரதர், எத்தனை ஃபாதர் நிக்கிறாங்க, விசில் ஊதிட்டு சும்மா நிக்கிறாங்களா இல்ல கூடவே ஓடுறாங்களா, சின்னப் பசங்க அவங்க பக்கத்துல போய் எதையாவது சொல்லி சிரிக்கிறாங்களானு பாருங்க. இது நானா கண்டுபிடிச்ச டெஸ்ட் இல்ல. சலேசிய சபைய ஆரம்பிச்ச தொன் போஸ்கோவே 1884 மே மாசம் ரோம்ல இருந்து, இத்தாலில டூரின் ஊர்ல பசங்களுக்காக நடத்தின தன்னோட வீட்டுக்கு எழுதின கடிதத்துல இதத்தான் வருத்தப்பட்டு எழுதினாரு, முன்னாடி மாதிரி பெரியவங்க பசங்களோட விளையாட்டு நேரத்துல இல்ல, அதனால பழைய நம்பிக்கையும் போயிடுச்சுனு, பையன் மேல பாசம் வெச்சா மட்டும் போதாது அது அவனுக்கு தெரியணும்னு. அவருக்கே ரெண்டு வயசு முடியறதுக்குள்ள அப்பா இறந்துட்டாரு, அம்மா மார்கரீத்தாதான் வளர்த்தாங்க, அந்த அம்மாவே பின்னாடி வந்து போர்டிங் பசங்களுக்கு சமைச்சுப் போட்டு துணி தைச்சுக் குடுத்தாங்க. 1847ல வந்த முதல் பையனுக்கு ராத்திரி தூங்கப் போகும்போது அந்த அம்மா சொன்ன நாலு நல்ல வார்த்தைதான் இன்னைக்கும் சலேசிய வீடுகள்ல குட் நைட்னு நடக்குது. ராத்திரி ஜெபம் முடிஞ்சதும் ஒரு ஃபாதர் ரெண்டு மூணு நிமிஷம் பேசுவாரு, அவ்வளவுதான். அந்த ரெண்டு நிமிஷம் அன்பா இருக்கா, இல்ல அன்னைக்கு தப்பு பண்ணவன் பேரை வாசிக்கிற நேரமா இருக்கானு அங்க படிக்கிற பசங்ககிட்ட கேளுங்க, பசங்க பொய் சொல்ல மாட்டாங்க.

பூசை ஜெபமாலை எல்லாம் இருக்கும், காலங்காத்தால பாதி பேர் தூங்கி வழிவாங்க, அதுக்காக விசுவாசம் போயிடுச்சுனு அர்த்தம் இல்ல. பையனுக்கு ஒரு வேலை குடுத்துப் பாருங்க, பீடத்துல உதவி, பாடகர் குழுல தபேலா, ஜனவரி 31 போஸ்கோ திருநாளுக்கு தோரணம் கட்டுறது, அப்ப தானா ஒட்டிக்குவான். ஆனா அந்த வேலையெல்லாம் அதே நாலு பேருக்கே போகுதானு கேளுங்க, பல இடத்துல அப்படித்தான் நடக்குது.

முக்கியமா பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட தன் பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்குறது. போர்டிங்க நடத்துற ஃபாதரே பசங்களுக்கு பாவசங்கீர்த்தனம் கேக்குறது முறை இல்ல, பையனா விரும்பி கேட்டாலொழிய. இது திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு, எண் 985. தண்டனை குடுக்குற கையும் பாவம் கேக்குற காதும் ஒரே ஆளோடதா இருக்கக் கூடாதுனுதான். வெளியில இருந்து வேற சாமியார் வராரானு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

பக்கத்து வீட்டு இந்துப் பையனையும் கூட அனுப்பலாமானு கேட்டிருந்தீங்க. தாராளமா. அரசு அங்கீகாரம் இருக்குற எந்த ஸ்கூலும், பெத்தவங்க சம்மதம் இல்லாம சின்னப் பிள்ளைய மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 28(3). கத்தோலிக்கப் பசங்களுக்கு ஞானோபதேசம் நடக்குற நேரத்துல மத்தவங்களுக்கு பெரும்பாலும் நன்னெறி கிளாஸ் இருக்கும். அட்மிஷன் ஃபார்ம்ல என்னத்துக்கு சம்மதம்னு கையெழுத்து வாங்குறாங்கனு மட்டும் அந்தப் பையனோட பெத்தவங்கள படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உங்க பையனுக்கும் தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்து கட்டில்ல இருந்தா முதல் மாசம் பாதி கஷ்டம் குறையும்.

அந்த முதல் மாசம் அழுவான். போன் பண்ணி கூட்டிட்டு போங்கம்மானு சொல்லுவான், உங்களுக்கு சோறு இறங்காது. அதுக்காக உடனே பஸ் ஏறாதீங்க. ஆனா வீட்டு ஏக்கத்துக்கும் சீனியர் அடிக்கு பயப்படுறதுக்கும் வித்தியாசம் உண்டு. ஏக்கம்னா அழுதுட்டு விளையாடப் போயிடுவான். பயம்னா பேச்சே குறையும், ஒரு குறிப்பிட்ட ஆள் பேரோ இடமோ வந்தா பேச்ச மாத்துவான், சில பிள்ளைங்க படுக்கையில ஒண்ணுக்குப் போக ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது தெரிஞ்சா அடுத்த விசிட்டிங் சண்டே வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போங்க. டார்மிட்டரில ராத்திரி யார் இருக்காங்க, பையன் புகார் யார்கிட்ட சொல்லணும், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்துல இருக்கானு சேர்க்கும்போதே கேளுங்க. 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பர அவனுக்கு மனப்பாடம் பண்ணி விடுங்க. சாமியார் நடத்துற இடம்னு இதுல கூச்சப்படாதீங்க, நல்ல இடமா இருந்தா அவங்களே சந்தோஷமா பதில் சொல்லுவாங்க.

வேலை, எதிர்காலம் பத்தி இப்பவே பெருசா யோசிக்க வேண்டாம். படிப்பு சுமாரா வந்தாலும் பயமில்ல, தொன் போஸ்கோ 1853லயே தன்னோட பசங்களுக்கு செருப்பு தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை ஆரம்பிச்சவரு, சலேசியர் டெக்னிக்கல் ஸ்கூலுங்க எல்லாம் அந்த வழியில வந்ததுதான். பத்தாவதுக்கு அப்புறம் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ எதுனாலும் வழி இருக்கு.

போகும்போது பையனையும் கூட்டிட்டு போங்க, அவனையும் கிரவுண்ட்ல இறக்கி விடுங்க. திரும்பி வரும்போது பஸ்ல அவன் என்ன சொல்றானு கேட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமானு அப்புறம் பேசிக்கலாம்.