எயார் பிரையர் நம் குசினிக்கு வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வீட்டில் ஆறு பேர். பொரித்த மீன் இல்லாவிட்டால் மத்தியானச் சோறு ஒருவருக்கும் இறங்காது. மாமியாருக்குக் கொலஸ்திரோல் கூடியிருப்பதால் எண்ணெயில் பொரித்ததைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் தங்கை, தான் பாவிக்கும் எயார் பிரையரையே (சூடான காற்றால் சமைக்கும் மின்கருவி) கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறாள். அதைப் பெற்றுக்கொள்வதா, இங்கே புதிதாக வாங்குவதா, அல்லது இரண்டுமே வேண்டாமா?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முதலில் தங்கைக்கு ஒரு தகவல் அனுப்பி, அதைப் பெட்டியில் அடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சகோதரி. கனடாவில் வீட்டுச் சுவரில் வருவது 120 வோல்ற் மின்சாரம். நமக்கு வருவது 230 வோல்ற். அங்குள்ள வீடுகளுக்கென்று செய்யப்பட்ட எயார் பிரையரை இங்கே செருகினால், அதன் சூடாக்கும் கம்பி தாங்க வேண்டிய வலுவைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வலு அதனூடாகப் பாயும். கருவி கருகுவதோடு நில்லாமல் தீயும் பிடிக்கலாம். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1500 வாற் இழுக்கும் கருவிக்கு 2000 வாற் தாங்கக்கூடிய ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் பாரத்தையும் விலையையும் பார்த்தால் அந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. இலண்டனிலோ கட்டாரிலோ வாங்கியது என்றால் வோல்ற்றும் பொருந்தும், சதுர முனைப் பிளக்கும் பொருந்தும். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்றால் வோல்ற் சரி, பிளக்கை மட்டும் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்ற வேண்டும். எந்த நாட்டிலிருந்து வந்தாலும், கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

இனி, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எயார் பிரையர் என்ற பெயர் நம்மைச் சற்றுத் தவறான வழியில் கூட்டிச் செல்கிறது. அது பொரிக்கும் கருவி அல்ல. மேலே சூடாக்கும் கம்பியும் அதற்கு மேல் விரைவாகச் சுழலும் விசிறியும் கொண்ட ஒரு சிறிய ‘அவன்’ அடுப்பு. 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கிய பின்னரே உலகெங்கும் பரவியது. தாச்சியில் பொரிக்கும்போது, கொதிக்கும் எண்ணெய் மீன் துண்டைச் சுற்றிலும் தொட்டு நின்று ஒரே கணத்தில் சூட்டை ஏற்றுகிறது. காற்றுக்கு அந்த வல்லமை இல்லை. ஆகவே விசிறி, துண்டின் மேலுள்ள ஈரத்தை இடைவிடாமல் அடித்துச் சென்று, மேற்பரப்பை உலர்த்தி, அதன் பிறகே சிவக்க வைக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், எது அதில் நன்றாக வரும், எது வராது என்பதை நீங்களே ஊகித்துவிடலாம்.

மீன் நன்றாக வரும். அதிலும் சாளை, கும்பளா போன்று தன்னிடமே எண்ணெய் உள்ள மீன்கள் மிக நன்றாக வரும். பாரை, அறக்குளா போன்ற சதைப்பிடிப்பான மீன்களைச் சற்றுத் தடித்த துண்டுகளாக வெட்டினால்தான் உள்ளே காய்ந்துபோகாது. மிளகாய்த்தூளை வெறுமனே தூவ வேண்டாம். விசிறிக் காற்றில் அது பறந்து கம்பியில் பட்டுக் கருகும், கூடையைத் திறந்ததும் கண்ணில் எரியும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றை எலுமிச்சஞ்சாற்றிலும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயிலும் குழைத்து, துண்டுகளில் தேய்த்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, 180 பாகையில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை புரட்டிவிடுங்கள். தாச்சியில் பொரித்த மொறுமொறுப்பு முழுமையாகக் கிடைக்காது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் என்னை மனம் மாற வைத்தது மீன் அல்ல, கத்தரிக்காய். அதன் சதை முழுவதும் நுண்ணிய காற்றறைகள். சூடான எண்ணெயில் போட்டதும் அந்த அறைகள் உடைந்து, பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் எண்ணெயைக் குடித்துவிடுகின்றன. பொரித்த குழம்புக்குக் கத்தரிக்காய் பொரித்தவர் எவருக்கும் தாச்சியில் எண்ணெய் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரியும். அரைக் கிலோ கத்தரிக்காயை நறுக்கி, உப்புப் பிரட்டிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி எயார் பிரையரில் வைத்தால், ஓரம் சிவந்து உள்ளே மெத்தென்று வருகிறது. குழம்பில் இட்டபின் வேறுபாடு தெரிவதில்லை. வாழைக்காயும், முதலில் அவித்தெடுத்த மரவள்ளிக்கிழங்கும், பாகற்காயும் அவ்வாறே.

உங்கள் மாமியாரின் விடயத்தில் இதன் பயன் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் எண்பது வீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்திரோலை உயர்த்துவது அதுவே. பொரித்த உணவு எண்ணெயைப் பெரும்பாலும் உறிஞ்சுவது அடுப்பில் இருக்கும்போது அல்ல, வெளியே எடுத்து ஆறும்போதுதான். உள்ளிருந்த நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருந்த எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. எயார் பிரையரில் அப்படி இழுபட எண்ணெயே இல்லை. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நம் வீடுகளில் பொரித்த எண்ணெயை வடித்து வைத்து, மறுநாள் அதிலேயே மீனும், அதற்கு மறுநாள் கருவாடும், அது கறுக்கும் வரை பொரிப்பது வழக்கம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைந்து உடலுக்குத் தீங்கான பொருட்களாக மாறுகிறது. எயார் பிரையர் வந்தால் மிச்ச எண்ணெய்ப் போத்தல் குசினியிலிருந்து போய்விடும்.

அதே வேளை, எண்ணெய் இல்லை என்பதால் எல்லாம் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. உருளைக்கிழங்கு போன்ற மாச்சத்துள்ள பொருட்கள் 120 பாகைக்கு மேல் காய்ந்து சிவக்கும்போது அக்ரிலமைட் என்ற பொருள் உண்டாகிறது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1994 இல் இதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. எயார் பிரையரிலும் அது உண்டாகும். நறுக்கிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, பொன்னிறத்தோடு நிறுத்திக்கொண்டால் அது குறையும்.

உங்கள் வீட்டில் ஆறு பேர் என்பதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் காற்றுப் புகாது, மீன் பொரியாமல் அவிந்துவிடும். 4 லீற்றர் கூடையில் ஒரே படையாக ஐந்தாறு துண்டுகள்தான் வைக்க முடியும். ஆளுக்கு இரண்டு துண்டு என்றால் இரண்டு அல்லது மூன்று முறை, முக்கால் மணி நேரம். எனவே, அனைவருக்கும் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம் என்று எண்ணி வாங்கினால் ஒரு மாதத்தில் அது அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். தினமும் மீன் பொரிக்கும் வீடு என்பதால், மாமியாரின் பங்கையும் கத்தரிக்காய், வாழைக்காய் போன்றவற்றையும் அதில் செய்யும் எண்ணத்துடன், 6 லீற்றருக்குக் குறையாத ஒன்றை, திருத்த வசதியும் உத்தரவாதமும் தரும் உள்ளூர்க் கடையில் வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதுவரை வாரத்தில் மூன்று நாள் பொரியலுக்குப் பதிலாக மீன் சொதியோ புளியாணமோ வையுங்கள். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. கடற்காற்றின் உப்பு இரும்பை விடாது. கழுவிய கூடையை ஈரத்தோடு மூடி வைக்காமல், திறந்தபடி நன்றாகக் காயவிடுங்கள். கடலைப் பார்த்த யன்னலோரத்தில் கருவியை வைக்காதீர்கள். இரும்புத் தும்பால் தேய்த்து என் முதல் கூடையின் பூச்சை நானே உரித்துவிட்டேன். மெல்லிய பஞ்சும் வெந்நீரும் போதும்.

கேள்வி: எயார் பிரையரில் உழுந்து வடை சுடலாமா?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: முடியாது. அந்த மா, கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கணத்தில் இறுகினால்தான் வடை. காற்றில் அது இறுகுவதற்குள் வழிந்து கூடையின் துளைகளில் இறங்கிவிடும். கெட்டியாகத் தட்டிய பருப்பு வடை, எண்ணெய் பூசினால் ஓரளவு வரும். கட்லட்டும் ரோல்ஸும் ரஸ்க் தூளில் புரட்டியவை என்பதால் நன்றாக வரும். அப்பளத்தை மட்டும் தனியே போடாதீர்கள். காற்றில் எழும்பிக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கக்கூடும்.

கேள்வி: மின் கட்டணம் மிகவும் கூடுமா? எங்கள் வீடு பழைய வீடு.
— வாசகர், நிலாவெளி

பதில்: 1500 வாற் கருவி இருபது நிமிடம் இடைவிடாது இயங்கினால் அரை அலகு. தினமும் ஒரு முறை என்றால் மாதம் 15 அலகு. சூடு ஏறியதும் அது விட்டுவிட்டு இயங்குவதால் உண்மையில் அதிலும் குறையும். ஆயினும் நமது கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடு அந்த எல்லையைத் தாண்டினால், முதல் அலகிலிருந்தே வேறு விகிதம் விழும். அதனால் கடைசி மூன்று மாதச் சிட்டைகளை எடுத்து, உங்கள் பாவனை எந்தப் படியில், அதன் எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். 55 அலகில் நிற்பவருக்கு 15 அலகு பெரிது. 100 அலகில் நிற்பவருக்கு அது அவ்வளவு பெரிதல்ல.

பழைய வீடு என்றதால் இதையும் சொல்கிறேன். 1500 வாற் கருவி ஆறரை ஆம்பியர் இழுக்கும். மின்விளக்குக்கும் வானொலிக்கும் வைத்த 5 ஆம்பியர் வட்ட முனைப் பொயின்ற் அதைத் தாங்காது. அதில் மல்டி பிளக் செருகி அதிலிருந்து எடுப்பது இன்னும் கேடு. 13 ஆம்பியர் சதுர முனைப் பொயின்ற் ஒன்றை, தகுந்த தடிப்புள்ள வயருடன், அனுபவமுள்ள மின் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு குசினியில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பாவித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுட்டால், அவரை மீண்டும் அழைத்துக் காட்டும்வரை அதில் எதையும் செருக வேண்டாம்.