கண்மாய்ப் படகும் பேட்டரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மீன்பாசி குத்தகைக்கு எடுத்த கண்மாயில் தீவனம் போட ஒரு சிறு படகு வைத்திருக்கிறோம். 55 பவுண்டு உந்துவிசை உள்ள டிரோலிங் மோட்டார் (பேட்டரியில் ஓடும் சிறு படகு மோட்டார்), 12 வோல்ட் 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. காலையில் 12.7 வோல்ட் காட்டுகிறது. முழு வேகத்தில் அரைமணி ஓட்டினால் சோர்ந்துவிடுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதானா? – வாசகர், தேவகோட்டை

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். 100 ஏ.ஹெச். என்பது 20 மணி நேரத்துக்கு 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. உங்கள் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். அப்படி இழுத்தால் புது பேட்டரியே ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். பாதி சார்ஜோடு நிறுத்துவதுதான் பேட்டரிக்கு நல்லது; அதன்படி 40 நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பல மடங்கு நேரம் ஓடும். ஆனால் ஐந்து படி குமிழ் உள்ள மாடல்களில் குறைந்த வேகத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாக வீணாகும். படியில்லாமல் திருகும் மாடலில்தான் முழு மிச்சம்.

சும்மா கிடக்கும்போது 12.7 காட்டுவதை நம்ப வேண்டாம்; கெட்ட பேட்டரியும் அப்படிக் காட்டும். படகைக் கரையில் கட்டி, புரொப்பெல்லரைத் தண்ணீரில் வைத்து முழு வேகம் கொடுங்கள். மல்டிமீட்டரை முதலில் பேட்டரி முனைகளிலும், அடுத்து மோட்டார் ஒயர் சேருமிடத்திலும் வையுங்கள். ஒரு சில நிமிடங்களில் பேட்டரி முனையிலேயே 11-க்குக் கீழே இறங்கினால் கோளாறு பேட்டரியில். அங்கே 12 இருந்து மோட்டார் பக்கம் 10.6 காட்டினால் கோளாறு ஒயரில். பலரும் 4 சதுர மி.மீ. ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். 3 மீட்டர் தூரத்துக்குப் போக, வர 6 மீட்டர். 50 ஆம்பியரில் அதிலேயே 1.4 வோல்ட் போய்விடும். 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். ஒயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்தில், முனைக்கு அருகே, 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: ஆகாயத்தாமரை வேரோ, நைலான் நரம்போ புரொப்பெல்லரில் சுற்றியிருந்தாலும் ஆம்பியர் ஏறும். புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டின் பின்புறத்தையும் பாருங்கள். நரம்பு அங்கே சேர்ந்தால் சீலை அறுத்துவிடும், தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

கேள்வி: சித்திரையில் கண்மாய் வற்றியதும் பேட்டரியைக் கழற்றி வைத்தோம். ஐப்பசியில் எடுத்தால் சார்ஜே ஏறவில்லை. ஆசிட் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். – வாசகர், புதுவயல்

பதில்: ஆசிட் ஊற்றவே வேண்டாம். பேட்டரி பாதி சார்ஜில் கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் படிந்து கெட்டிப்படும். அமிலத்தின் வீரியம் அந்தப் படிவுக்குள்தான் சிக்கியிருக்கிறது. மேலும் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு மட்டும் ஏறும், தகடு அரிக்கும்.

தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். சார்ஜ் முடிந்த பிறகே குறியீடு வரை நிரப்ப வேண்டும். போர் தண்ணீர் ஆகாது. வோல்ட் மிகவும் இறங்கிய பேட்டரியை ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஏற்காது. ஆம்பியரைக் கையால் குறைக்கக்கூடிய சார்ஜரில் 2 அல்லது 3 ஆம்பியர் வைத்து ஒரு நாள் முழுக்க ஏற்றுங்கள். அடிக்கடி பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். பிறகு ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் அளங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக நின்றால் அந்த பேட்டரியில் இனி செலவு செய்ய வேண்டாம்.

அடுத்த வருஷம் கண்மாய் வற்றியதும் முழுதாக ஏற்றி, ஒயரைக் கழற்றி வையுங்கள். நம்மூர் வெயிலில் சார்ஜ் தானாக வேகமாக இறங்கும். மாதம் ஒருமுறை ஏற்றினால் போதும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள்.

கேள்வி: பேட்டரியை வீட்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்குமா? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: இறங்காது, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குத் தரை எதுவானாலும் ஒன்றுதான். மூடிமேல் படியும் அமிலப் பிசுக்குதான் மெல்ல மின்சாரத்தைக் கசியவிடும். செல் மூடிகளை இறுக்கி, கால் லிட்டர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி ஆப்பசோடா கரைத்துத் துடையுங்கள். காய்ந்ததும் முனையில் வாசலின் தடவுங்கள். ஆனால் தரையைக் காப்பாற்ற வேண்டும். உங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது, ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் பொரிந்து நிறம் போய்விடும். பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அடியில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பூட்டிய அறையும் பூஜை விளக்குப் பக்கமும் வேண்டாம், பின்கட்டில் காற்றோட்டமாக வையுங்கள்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் படகில் வைக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் இருக்கும் டியூபுலர் பேட்டரி ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும், அந்த வகையில் கார் பேட்டரியைவிட மேல். ஆனால் 150 ஏ.ஹெச். உயரமான மாடல் 50 கிலோவுக்கு மேல். சிறு படகில் ஒரு பக்கம் வைத்தால் சாயும், ஆட்டத்தில் அமிலம் சிந்தும். வைப்பதானால் படகின் நடுவில், அடிமட்டத்தில், பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் கட்டுங்கள்.